பென்சில் தந்த நிறம்

கருப்பு வெள்ளை நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். வெள்ளை வேட்டி கருப்பாக இருக்கும், கருங்கூந்தல் தெளிந்து கிடக்கும். அதில் முகம் விழுந்த இடத்தைப் பென்சிலால் லேசாக வருடினால் அந்த இடம் கொஞ்சம் அடைபடும். பிரிண்ட் போடும்போது அந்த வழியாக வெளிச்சம் குறைவாக இறங்கும், தாளில் அது வெளுத்து வரும். ஆக, நெகட்டிவை இப்படித் திருத்தும் டச்சிங் வேலையைச் செய்கிறவர் பென்சிலைத் தொட்டால் முகம் வெளுக்கும். வேறு மாதிரி நடக்க வழியில்லை. கருக்க வேண்டுமானால் கத்தியால் சுரண்ட வேண்டும். கை ஒரு நூல் பிசகினால் நெகட்டிவ் போய்விடும். அதனால் கத்தி புருவத்துக்கும் கண்ணுக்கும் மட்டும், முகத்துக்குப் பென்சில்தான்.

திருநெல்வேலி டவுன் ரத வீதிகளிலும் ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் அறுபதுகளில், எழுபதுகளில் எடுத்த கல்யாண வயசுப் பெண்களின் படங்களைப் பார்க்கிறபோது இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சுவரில் மாட்டியிருக்கும் ஆச்சியின் படத்தைக் காட்டி, “அந்தக் காலத்துல என்ன நிறமா இருந்திருக்கா பாரு” என்று பேத்திகள் வியக்கிறார்கள். அந்த நிறத்தில் பாதி ஆச்சியுடையது, மீதி ஃபோர் ஹெச் பென்சிலுடையது.

ஆனால் இந்த ஊர் பெண்ணை அளந்த முதல் அளவுகோல் நிறம் அல்ல. காது. பெண் குழந்தைக்குக் காது குத்தி, துளையில் பஞ்சு வைத்து, ஓலைச் சுருள் வைத்து, அப்புறம் ஈயக் குணுக்கைத் தொங்கவிட்டு, மடல் தோளைத் தொடுமளவுக்கு இழுத்து வளர்ப்பார்கள். அதில் பாம்படமும் தண்டட்டியும் ஆட வேண்டும். புண் வரும், சீழ் பிடிக்கும், சில நேரம் மடல் அறுந்தே போகும். காது வளர்க்காத பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற பேச்சு எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். மிஷன் பள்ளிக்கூடங்கள் இதற்கு எதிராக இருந்தன. அவை வந்து, நகை மோஸ்தரும் மாறிய பிறகு, அதே வளர்ந்த காது பட்டிக்காட்டு அடையாளமாகிவிட்டது. வளர்த்த மடலை அறுத்துத் தைத்துக்கொள்ளப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரே பெண் சிறுமியாக இருந்தபோது காது வளர்க்க ஒரு தடவை, பெரியவளானபின் அதைக் குறைக்க ஒரு தடவை என்று இரண்டு முறை வலி பட்டிருக்கிறாள். பழைய காலத்தில் பெண் தன் இயல்பான அழகோடு நிம்மதியாக இருந்தாள் என்று எழுதுகிறவர்கள் அந்தக் காதுகளைப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்தக் காதுகளை இன்று பார்க்கலாம், கேமரா பிடித்து வைத்திருக்கிறது. மிஷனரி ஏமி கார்மைக்கேல் திருநெல்வேலிப் பகுதிக்கு வந்தது 1896இல். பின்னர் டோனாவூரில் தங்கி, 1903இல் அவர் வெளியிட்ட நூலில் இந்த வட்டாரத்துப் பெண்களின் புகைப்படங்கள் உண்டு. 1909இல் அரசு அதிகாரியாக இருந்த எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார்கள், அதிலும் படங்கள். மிஷன்காரருக்கு நிதியும் ஜெபமும் திரட்டப் படம் வேண்டும். அரசு அதிகாரிக்கு வகை பிரித்து அடுக்கப் படம் வேண்டும். இரண்டிலும் அழகுக்காக யாரும் பென்சில் பிடித்ததாகத் தெரியவில்லை, முகம் கருப்போ தழும்போ இருந்தபடி வந்தது. காரணம் மரியாதை அல்ல. அழகாகக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை எதிரே நின்ற பெண்ணுக்கு இல்லை. பெரும்பாலும் அவள் பெயர்கூடப் படத்துக்குக் கீழே வராது, சாதிப் பெயர் வரும். டச்சிங் வேண்டும் என்று கேட்பதற்கு முதலில் வாடிக்கையாளராக வேண்டும்.

அவள் வாடிக்கையாளராக ஆனதற்குக் கொஞ்சம் காலம் பிடித்தது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயம் ஒரு பக்கம், வேற்று ஆண் முன்னால் நிற்பது எப்படி என்ற கூச்சம் ஒரு பக்கம். ஹைதராபாத்தில் லாலா தீன் தயாள் 1892இல் பெண்களுக்கென்றே தனி ஸ்டுடியோ தொடங்கி ஒரு ஆங்கிலேயப் பெண்மணியின் பொறுப்பில் விட்டார். தாமிரபரணிக் கரையில் அப்படியொன்றும் கிடையாது. இங்கே பெண் ஸ்டுடியோவுக்குப் போனாள் என்றால் கூடவே அம்மாவும் மதினியும் ஒரு தம்பியும் போனார்கள்.

போய் உட்கார்ந்தால் கண்ணாடித் தகடு அவளுக்கு வேறொரு துரோகம் செய்தது. தொடக்ககாலத் தகடுகளுக்கு நீல ஒளி மட்டும்தான் தெரியும். 1873இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோகல் சாயம் சேர்த்துப் பச்சையையும் ஓரளவு பார்க்க வைத்தார். அதுதான் ஆர்த்தோ. சிவப்பு அதற்கும் தெரியாது. எல்லா நிறத்தையும் பார்க்கும் பான்குரோமாட்டிக் அடுத்த நூற்றாண்டில்தான் கடைக்கு வந்தது. வந்த பிறகும் சிறு ஊர் ஸ்டுடியோக்காரர்கள் ஆர்த்தோவை எளிதில் விடவில்லை. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துக்கொண்டே டெவலப் செய்யலாம் என்ற வசதி அதில் இருந்தது. இப்போது ஆற்றில் குளித்து, முகத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அரக்குச் சிவப்பில் பட்டுக் கட்டிக்கொண்டு ஒரு பெண் வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலம் மட்டும் காணும் தகட்டில் மஞ்சள் இருட்டாக விழும். பொலிவுக்காகப் பூசிய மஞ்சளே முகத்தை ஒரு படி கருப்பாக்கும். ஆர்த்தோவில் மஞ்சள் கொஞ்சம் பிழைத்தது, ஆனால் குங்குமம் கரிப்பொட்டாயிற்று, அரக்குப் பட்டு கருப்புச் சேலையாயிற்று. மாநிறத் தோலில் இருக்கிற சிவப்பும் பழுப்பும் சேர்ந்து இருண்டன. வெள்ளைத்தோலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. நம்மூர் டச்சிங்காரர் பென்சில் எடுத்ததில் ஒரு பங்கு, ரசாயனம் கூட்டிய கருப்பைக் கழிப்பதற்காகத்தான். மீதிப் பங்குக்கு ரசாயனத்தைக் குறை சொல்ல முடியாது.

அந்த டச்சிங் மேசையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். சாய்வாக ஒரு பலகை, நடுவில் சொரசொரப்புக் கண்ணாடி, அதற்குக் கீழே ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும் முகம் பார்க்கும் கண்ணாடி. தலைக்குமேல் கருப்புத் துணி. நெகட்டிவ் வழவழப்பானது, பென்சில் பிடிக்காது. டர்பன்டைனில் டாமர் பிசினைக் கரைத்த திரவத்தை ஒரு சொட்டு விட்டு, துணியால் வட்டமாகத் தேய்த்தால் பிடிப்பு வரும். பென்சிலை ஒரு அங்குல நீளத்துக்குச் சீவி, உப்புத்தாளில் உருட்டி உருட்டி ஊசியாக்க வேண்டும். அழுத்தக் கூடாது. கமா போட்ட மாதிரி, சிறு சிறு சுழியாக, ஒன்றின்மேல் ஒன்று படாமல் நிரப்பிக்கொண்டே வர வேண்டும். முதலில் பரு, வடு. அடுத்து கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையம். பிறகு மூக்கோரம் இறங்கும் கோடு, கடைசியாக நெற்றி, கன்னம், மூக்குத் தண்டு. கழுத்தை மறந்தால் தலை ஒரு ஆளுடையதாகவும் உடம்பு இன்னொரு ஆளுடையதாகவும் தெரியும். பழகாத கையின் வேலையைக் கழுத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வித்தை இங்கே பிறந்ததில்லை. மியூனிக்கைச் சேர்ந்த ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஷ்டேங்கல் 1855 பாரிஸ் கண்காட்சியில் ஒரே முகத்தைத் திருத்தியும் திருத்தாமலும் இரண்டு படமாக வைத்துக் காட்டினார். அதன் பிறகு உலகம் முழுக்கப் படம் எடுத்துக்கொள்ளும் ஆசை பெருகிற்று.

திருநெல்வேலியில் அந்தப் பென்சிலுக்கு இருந்த பெரிய வேலை நிறம்கூட அல்ல, அம்மைத் தழும்பு. பெரியம்மை வந்து பிழைத்த பெண்ணின் கன்னத்தில் குழி குழியாக இருப்பதை ஒவ்வொன்றாக அடைப்பார்கள். ஒரு குழிக்கு ஒரு வெளிச்ச ஓரமும் ஒரு நிழல் ஓரமும் உண்டு, இரண்டையும் சமன்செய்ய வேண்டும், அதனால் ஒரு முகத்துக்கே பொழுது போய்விடும். இதை ஏமாற்று வேலை என்று சொல்ல எனக்கு மனசு வராது. உயிர் பிழைத்ததற்காகக் கல்யாணச் சந்தையில் அபராதம் கட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு முதல் வாசல் தாண்டவாவது அந்தப் படம் உதவியது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஓய்ந்தது. அதே 1975இல்தான் ஃபேர் அண்ட் லவ்லி என்ற சிவப்பழகு கிரீம் கடைக்கு வந்தது. டச்சிங் மேசைக்குத் தழும்பு வருவது மெல்ல நின்றது, நிறம் வருவது நிற்கவில்லை.

பெண் பார்ப்பதற்கான படம் எடுக்கும் நாளில் ஸ்டுடியோவின் உள் அறையில் ஒரு கண்ணாடி, நூல் கட்டித் தொங்கவிட்ட பொதுச் சீப்பு, குட்டிகூரா பவுடர் டப்பா. பின்னால் மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்த திரை. இடது கை முக்காலிமேல். பெண்ணுக்குப் பேச வேலையில்லை, பேச்செல்லாம் படம் எடுத்து முடித்த பிறகு அம்மாவுக்கும் ஸ்டுடியோக்காரருக்கும்தான்.

“அண்ணாச்சி, பிள்ளைக்குக் கொஞ்சம் நிறம் வச்சுப் போட்டுத் தாங்க.”

“வைக்கேன். ரொம்ப வச்சா மாவு அப்பின மாதிரி ஆயிரும், பாத்துக்கிடுங்க.”

இந்த இரண்டு வரியில் ஒரு பேரம் இருக்கிறது. நல்ல டச்சிங்காரருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். மாப்பிள்ளை வீட்டார் படத்தைப் பார்த்துவிட்டு நேரில் வருவார்கள். அல்வாவும் மிக்சரும் சாப்பிட்டுவிட்டு, “போட்டோவுல பார்த்ததுக்குக் கொஞ்சம் கம்மிதான்” என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனால் பழி ஸ்டுடியோமேலும் வரும், பெண்ணின் தலைமேலும் விடியும். அதனால் அரைப் படி நிறம், அதற்கு மேல் கிடையாது. மாப்பிள்ளையின் படம் அதே மேசைக்கு வரும்போது பருவை மட்டும் எடுத்தால் போதும். ஆண் கருப்பாக இருப்பதை யாரும் திருத்தச் சொன்னதில்லை. களையான முகம் என்று ஒரு பேச்சிருக்கிறது, அது ஆணுக்குத் தாராளமாகக் கிடைத்தது.

சடங்குப் படம் இன்னொரு தினுசு. வயசுக்கு வந்த பிள்ளைக்குப் பூத் தைத்து, ராக்கொடி, சடைநாகம், குஞ்சலம் எல்லாம் வைத்து, பிச்சிப்பூ வாடுவதற்குள் ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு ஓட வேண்டும். முகமும் தெரிய வேண்டும், முதுகுச் சடையும் தெரிய வேண்டும். அதற்காகப் பின்னால் ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்து வைப்பார்கள். கேமராவும் அதைப் பிடித்திருக்கும் மனிதரும் கண்ணாடியில் விழுந்துவிடாத கோணம் கிடைக்கும்வரை பிள்ளை கழுத்தைத் திருப்பி நிற்க வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயசு. அநேகப் படங்களில் அந்தப் பிள்ளைகள் சிரிப்பதில்லை. சடை கனக்கிறது என்பது ஒரு காரணம். முன்புறமும் பின்புறமும் ஒரே நேரத்தில் பார்க்கப்படுவது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை என்பது இன்னொன்றாக இருக்கலாம்.

செத்தவர் படத்தைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. தனியாக ஒரு படமும் எடுக்காமலே ஒரு அம்மா போய்விடுவாள். பதினாறாம் நாளுக்குள் மாலை போட ஒரு படம் வேண்டும். பேரன் கல்யாணக் கூட்டுப் படத்தில் மூன்றாவது வரிசையில் பாதி மறைந்து நிற்கும் தலையைப் பெரிதுபடுத்தி, தோளுக்குக் கீழே வேறு உடம்பு வரைந்து, பட்டுச்சேலை கட்டி, அட்டிகை போட்டுக் கொடுப்பார்கள். பீடி சுற்றியும் நாற்று நட்டும் கழித்த பெண்ணுக்குக் கழுத்தில் முதன்முதலாகத் தங்கம் ஏறியது அந்தத் தூரிகையில்தான். அவள் புருஷனுக்கு முன்னால் போனவளா பின்னால் போனவளா என்று கேட்டுவிட்டுத்தான் பொட்டில் கைவைப்பார்கள். முன்னால் போனவளுக்கு நெற்றி நிறையக் குங்குமம். பின்னால் போனவளுக்கு, உயிரோடு இருந்தபோது ஊர் எடுத்துக்கொண்டதைப் படத்தில் திருப்பிக் கொடுக்கலாமா கூடாதா என்று பிள்ளைகள் கவுன்டர் முன்னால் நின்று தங்களுக்குள் விவாதிப்பார்கள். அம்மாவைக் கொஞ்சம் நிறமாக்கச் சொல்லி அந்த நேரத்தில் கேட்டவர்களும் உண்டு.

அந்தத் தலைமுறையின் நெகட்டிவ்களில் மிச்சமிருப்பது சொற்பம். ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது என்பதால் எடைக்குப் போனது, கண்ணாடித் தகடுகள் கழுவப்பட்டு வேறு வேலைக்குப் போயின. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது பெரிய காரியம். அந்தத் தொகுப்பில் பெண்கள் நிற்கும் விதத்தை மட்டுமே வைத்து ஒரு புத்தகம் எழுதலாம்.

ஊட்டியில் 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தி ஆரம்பித்து, இந்து என்ற பெயரில் பிலிமும் தாளும் தந்தது. கருப்பு வெள்ளைக்கு அது போதுமாயிருந்தது. பிறகு கலர் வந்தது, கூடவே தெருவுக்குத் தெரு 35 மில்லிமீட்டர் கேமராவும் வந்தது. டச்சிங் தொழிலைச் சாய்த்தது கலர் அல்ல, அந்த 35 மில்லிமீட்டர்தான் என்பது என் எண்ணம். பழைய அரைத்தகட்டில் முகம் கட்டைவிரல் அகலம் இருக்கும், பென்சில் நடமாட இடமுண்டு. 24க்கு 36 மில்லிமீட்டர் சட்டத்தில் மணமக்கள் நின்றால் முகம் நாலைந்து மில்லிமீட்டர். அதில் எந்தப் பென்சிலும் ஏறாது. ஆகவே எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து இரண்டாயிரத்தின் தொடக்கம் வரைக்கும் நம் கல்யாண ஆல்பங்களில் பெண்களின் பருவும் கருவளையமும் பல்லும் உள்ளபடியே இருக்கின்றன. நூறு வருஷக் கதையில் கை படாத முகங்கள் அதிகம் கிடைப்பது அந்த இடைவெளியில்தான்.

நிறத்தை மட்டும் அப்போதும் விடவில்லை. நேர் ஃபிளாஷைக் கொஞ்சம் கூட்டி அடித்தால் முகம் வெளுக்கும். வீடியோக்காரர் ஆயிரம் வாட் விளக்கை இரண்டடி தூரத்தில் பிடிப்பார், மணப்பெண் கண்ணீரோடு தாலி வாங்கிக்கொள்வாள், பார்க்கிறவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்பார்கள். மீதிக்கு லேப். பிரிண்டிங் மெஷினில் அடர்த்தியைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான் இருந்தது, “முகத்தைப் பார்த்து லைட்டா அடி” என்றால் ஆபரேட்டருக்குப் புரியும். அந்த மெஷின்களைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் ஒரு அட்டை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண், பெயர் ஷெர்லி. அவளுக்குப் பின் எத்தனை பெண்கள் மாறினாலும் அட்டைக்குப் பெயர் ஷெர்லி அட்டைதான். அவள் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி. வெவ்வேறு நிறப் பெண்கள் அந்த அட்டையில் இடம்பிடித்தது தொண்ணூறுகளில். சாக்லேட்டின் பழுப்பும் மரச்சாமான்களின் பழுப்பும் ஒன்றுபோல வருகிறதென்று விளம்பரக்காரர்கள் புகார் சொன்ன பிறகுதான் கோடாக் பழுப்பு நிறங்களை மெனக்கெட்டுப் பார்த்தது என்று அங்கே வேலை செய்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்து வந்தது கம்ப்யூட்டர். 1990இல் வெளியான ஃபோட்டோஷாப் நம்மூர் ஸ்டுடியோக்களுக்கு வந்து சேரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆயிற்று. வந்ததும் பென்சிலின் நிதானம் போய்விட்டது. ஒரு முகத்துக்கு ஒரு மத்தியானம் என்றிருந்தது, ஒரு ஆல்பத்துக்கு ஒரு மத்தியானம் என்றானது. தோலைத் தேர்ந்தெடுத்து மங்கலாக்கு, வெளிச்சத்தை ஏற்று, அடுத்த படம். கரிஸ்மா என்ற டிஜிட்டல் ஆல்பம் வந்த புதிதில் மணப்பெண் முகத்தில் துவாரமே இல்லாமல், மெழுகு உருகி நின்ற தோற்றத்தில், பின்னால் சுவிட்சர்லாந்து மலையோடு இருப்பாள். பாபநாசம் மலை நம் மாவட்டத்திலேயே இருக்கும்போது எதற்குச் சுவிட்சர்லாந்து என்று கேட்க ஆளில்லை. இன்றைய பையன்கள் பரவாயில்லை. மணிமுத்தாறு, குறுக்குத்துறைப் படித்துறை, தேரிக்காட்டுச் செம்மண் என்று இங்கேயே தேடிப் போய்ப் படம் எடுக்கிறார்கள். சாயங்கால வெயிலில் கருத்த முகம் எப்படி ஒளிரும் என்று தெரிந்த சிலர் அவர்களில் இருக்கிறார்கள். படத்தை ஒப்படைக்கும்போது வீட்டுப் பெரியவர்கள், “பிள்ளை கருப்பா விழுந்திருக்காளே தம்பி” என்று திருப்பி அனுப்புவதும் நடக்கிறது.

சினிமாவில், இந்த ஆற்றங்கரையிலிருந்து போன இயக்குநர் மாரி செல்வராஜ் பரியேறும் பெருமாள் எடுத்தது 2018இல். கருத்த ஆண் முகத்தை எந்தச் சமாதானமும் சொல்லாமல் திரை நிறையக் காட்டலாம் என்று அந்தப் படம் நிறுவியது. அதில் நாயகியாக வந்தவர் வாரங்கல்லைச் சேர்ந்தவர், அடுத்து வந்த கர்ணனில் கேரளத்தைச் சேர்ந்தவர். இருவரும் நன்றாகவே நடித்தார்கள், அது வேறு விஷயம். அந்த இரண்டு படங்களிலும் நாயகியாகத் திரையில் வர ஒரு திருநெல்வேலிப் பெண்ணுக்கு முறை வரவில்லை.

ஸ்டுடியோவையெல்லாம் தாண்டி இப்போது கேமரா பெண்ணின் கைக்கே வந்துவிட்டது. இதைத்தான் பெரிய மாற்றமென்று சொல்ல வேண்டும். 2014, 2015 வாக்கில் செல்ஃபி கேமராவையே முதல் சிறப்பாகச் சொல்லி விற்ற சீன போன்கள் பியூட்டி மோடைத் தங்களோடு கொண்டுவந்தன. தோலை வழித்து, கண்ணைப் பெரிதாக்கி, தாடையைக் கூராக்கி, நிறத்தை ஏற்றித்தான் காட்டும். படம் எடுத்த பின்பு அல்ல, எடுக்கப்போகும்போதே. அம்மா ஸ்டுடியோக்காரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை, “ரொம்ப வச்சா நல்லாருக்காது” என்று சொல்ல அண்ணாச்சியும் இல்லை. அந்த இரண்டு வரிப் பேரம் தொலைந்துபோயிற்று. பழைய படத்தில் தான் திருத்தப்பட்டிருக்கிறோம் என்று ஆச்சிக்குத் தெரியும், அது பற்றிச் சிரிக்கவும் செய்வாள். பதினாறு வயசுப் பேத்தி திருத்திய முகத்தைத்தான் ஒரு நாளைக்குப் பலமுறை பார்க்கிறாள். சாதாரணக் கண்ணாடியில் பார்க்கும்போதுதான் அவளுக்கு ஏதோ குறைகிறது.

2020இல் கூகுள் தன் பிக்சல் போன்களில் முகத் திருத்தம் தானாக ஓடாதபடி நிறுத்தியது. அடுத்த ஆண்டு கருத்த தோலை அதன் இயல்பில் பிடிக்கும்படி கேமராவைச் சீர்செய்ததாக அறிவித்தது. 2022இல் எல்லிஸ் மங்க் என்ற சமூகவியலாளர் வகுத்த பத்துப்படித் தோல்நிற அளவையை எடுத்துக்கொண்டது. ஷெர்லி அட்டைக்கு இப்படியொரு பரிகாரம். ஆனால் முக்கூடலில் ஆலங்குளத்தில் பீடிக் கூலியில் வாங்கும் போன் பிக்சல் இல்லை. ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரில் இருந்த ஃபேரைக் கழற்றி குளோ போட்டுக்கொண்டது. ஒரு பெரிய திருமணத் தளம் அதே ஆண்டு தோல்நிறம் வைத்துத் தேடும் வசதியை நீக்கியது. கருப்பே அழகு என்று சென்னையில் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009இலேயே இயக்கம் தொடங்கி, பின்பு நந்திதா தாஸ் அதன் முகமானதெல்லாம் இதற்கு முன்னால். பெயரும் பெட்டியும் மாறியிருக்கின்றன. மேலப்பாளையத்துப் பலசரக்குக் கடையில் சரத்தில் தொங்கும் சின்ன பாக்கெட்டை வாங்குகிறவர்கள் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள்.

படத்தில் திருத்தியது போதாமல் மறுபடி உடம்புக்கே வந்து நிற்கிறது விவகாரம். ஒரு காலத்தில் டச்சிங்காரர்கள் படத்தின் மேல் சாயம் தெளிக்க வைத்திருந்த ஏர்பிரஷ் இப்போது மணப்பெண் முகத்துக்கு நேராகத் தெளிக்கிறது. அது சாயங்காலம் கழுவினால் போய்விடும், தொலைகிறது. மருந்துக்கடையில் படைக்கும் சொறிக்கும் விற்கும் ஸ்டீராய்டு களிம்பைச் சிவப்பழகு கிரீம் என்று முகத்தில் பூசுகிறார்களே, அது போகாது. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும், அதில்தான் சிக்குவது. பிறகு தோல் மெலிந்து ரத்தக்குழாய் சிவந்து தெரியும், பரு கிளம்பும், முடி முளைக்கும், நிறுத்தினால் எரியும், எரிகிறதென்று மறுபடி பூசுவார்கள். 2018இல் மத்திய அரசு இவற்றை மருத்துவர் சீட்டோடுதான் விற்க வேண்டுமென்று அட்டவணையில் சேர்த்தது. செங்கோட்டை தாண்டினால் கேரளம். அங்கே மலப்புரம் மாவட்டத்தில் 2023இல் அரிதான சிறுநீரக நோயோடு வந்தவர்களை கோட்டக்கல் மருத்துவர்கள் விசாரித்ததில், அவர்களில் பலர் பாதரசம் கலந்த வெளுப்புக் கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. குணுக்கு தொங்கிய காதைவிட இது எந்த விதத்தில் மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குணுக்கைச் சுமந்தவளுக்குக் கனமாவது கண்ணுக்குத் தெரிந்தது.

அரசாங்கத்துக்கு மட்டும் இந்த அழகில் அக்கறையே கிடையாது. பீடித் தொழிலாளர் அட்டை, வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, 2010இல் இருந்து ஆதார். இ-சேவை மையத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நேராக உட்கார வைத்து, சின்ன வெப் கேமராவில், டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு கிளிக். அதில் நன்றாக இருப்பவர் யாருமில்லை, அதைப் பற்றி ஜோக் அடிக்காதவரும் இல்லை. தர்ஸ்டன் காலத்துக்குப் பிறகு பென்சில் படாத முகம் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பது அரசாங்கம் ஒன்றுதான். அன்றைக்குப் போலவே இன்றைக்கும் அதற்கு வேண்டியது அடையாளம்.

இப்போது கல்யாணத் தரகர்கள் வாட்ஸாப்பில் ஜாதகத்தோடு படம் கேட்கும்போது, “ஃபில்டர் போடாதது ஒண்ணு அனுப்புங்க” என்று தனியாகச் சொல்கிறார்கள். அதுவும் நம்பகமில்லை என்று நினைப்பவர்கள், பிறந்த தேதி சரிபார்க்க என்று சொல்லி ஆதாரைக் கேட்டு வாங்கி, தேதியைப் பார்க்காமல் படத்தைப் பார்க்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் மாப்பிள்ளை வீடு. அந்த மாப்பிள்ளையின் படம் பெண் வீட்டுக்கு வந்திருக்கும், அதையும் பெரிதாக்கிப் பாருங்கள். பியூட்டி மோடுக்கு ஆண் பெண் பேதம் கிடையாது. பரு மட்டும் எடுத்தால் போதும் என்று டச்சிங் மேசையிலிருந்து தப்பி வந்தவனின் பேரன், தாடையெல்லாம் கூராகி, கழுத்துக்குச் சம்பந்தமில்லாத நிறத்தில் சிரித்துக்கொண்டிருப்பான்.